கூட்டிப் பெருக்கிய காடு

நீதிபதியின் கார் வரும்வரை யாரும் தடுப்புக் கம்பைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. நியாயமான உத்தரவுதான். கோர்ட்டில் நானும்தான் தலையாட்டினேன். ஆனால் காலையிலிருந்து அந்தக் கம்புக்கு முன்னால் நின்று நின்று என் பொறுமை போய்விட்டது. சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தேன். கறுப்புக் கோட்டைக் கழற்றினேன், திரும்ப மாட்டினேன். வாட்ச்சைப் பார்த்தேன், ஓடுகிறதா என்று காதிலும் வைத்துப் பார்த்தேன். எனக்குச் சும்மா நிற்க வராது. வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டே பிறந்தவள் என்று சக வக்கீல்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது.

கம்புக்கு அப்பால் சாலை வளைந்து மரங்களுக்குள் மறைந்தது. அந்த வளைவுக்குப் பின்னால் இருக்கிற காட்டைத்தான் இத்தனை வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுகிறேன். அரசாங்க நிலம். மனிதக் கை படாமல் தானாக முளைத்து, தானாக விழுந்து, தானாக மக்குகிற காடு. அதில் ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிற சமதளத்தை நில இலாகா ஒரு மரக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது. வழக்குப் போட்டவர் ஒரு தாவரவியல் பேராசிரியை. செத்த மரத்தில் வளர்கிற பாசியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதே அவருக்கு வாழ்க்கை என்பதால் எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பாசியம்மா என்று பெயர். அவருக்கும் அது தெரியும். போனில் "பாசி பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. அரசு நிலத்தில் பழங்காடு இருந்தால் அதை எவனுக்கும் குத்தகைக்கு விட முடியாது. எது பழங்காடு? நின்ற நிலையிலேயே பட்டுப்போன மரங்கள் அங்கே இருக்க வேண்டும். விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்க வேண்டும். கோடரியோ ரம்பமோ பட்ட தடமே இருக்கக் கூடாது. பாசியம்மா எடுத்த போட்டோக்களில் இத்தனையும் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலோ, எந்தக் காட்டில் எடுத்த படமோ, யார் கண்டது என்று ஒரே போடாகப் போட்டார். நீதிபதிக்கும் சலித்துவிட்டது. நானே நேரில் வந்து கண்ணால் பார்த்துவிடுகிறேன், பார்த்ததை அங்கேயே பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். அன்று எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. காட்டைப் பார்த்தால் போதும், வேறு சாட்சி எதற்கு?

வழக்கு முடியும்வரை அந்த நிலத்தில் ஒரு கிளையைக்கூட ஒடிக்கக் கூடாது என்று தடை உத்தரவும் வாங்கியிருந்தேன். மீறினால் கோர்ட் அவமதிப்பு. மீறியவர் அரசு ஊழியர் என்றால் வேலையே போகும். நில இலாகாக்காரர்கள் கம்பெனிக்குக் கள்ளத்தனமாகக் கதவைத் திறந்துவிடுவார்கள் என்ற பயத்தில், அந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொல்லித் தொண்டை வறள வாதாடியவள் நான்தான்.

இதற்கு நடுவில் ஒரு சங்கடம். வழக்கு பாதியில் இருக்கும்போது அந்தக் காட்டுக்கு ரேஞ்சராக மாற்றலாகி வந்தவன் என் சொந்தத் தம்பி. நகரத்துப் பூங்காக்களில் பத்து வருஷம் குப்பை கொட்டியவன். அவன் பார்த்த பூங்காவில் ஒரு சருகு கீழே கிடக்காது. மந்திரி வந்தாலும் மாணவர்கள் வந்தாலும் பாதையில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். அவனுக்குக் காடு கிடைத்ததில் எங்கள் வீடே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் நேரே நீதிபதியிடம் போய், இப்படி இப்படி, அவன் என் உடன்பிறப்பு என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வனத்துறை இந்த வழக்கில் யார் பக்கமும் இல்லை, அதனால் பரவாயில்லை, ஆனால் வழக்கு முடியும்வரை இந்தக் காட்டைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று வாயாடிகளுக்குத்தான் தெரியும். அவன் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிடப் போவேன். காட்டுக்குப் பக்கத்திலேயே வீடு, ஜன்னலைத் திறந்தால் மரம்தான். ஆனால் நாங்கள் பேசியதெல்லாம் அவன் மகளின் பல் கம்பி, என் முட்டி வலி, மழை வருமா வராதா. ஒரு தடவை அவன் "அக்கா, அங்க ஒரு மரம்..." என்று ஆரம்பித்தான். நான் காதைப் பொத்திக்கொண்டேன். தம்பி பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். நல்லவள். என்னை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுகிறவள்.

இப்போது அவன் கம்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். மடிப்புக் கலையாத சீருடை, பளபளக்கிற பூட்ஸ். என்னைப் பார்த்து உதட்டுக்குள் ஒரு சிரிப்புச் சிரித்தான். சின்ன வயதில் அம்மா வெளியே போயிருக்கும்போது வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று எதையாவது போட்டு உடைத்துவிட்டு, அது தெரியாமலேயே பாராட்டுக்காகக் காத்து நிற்பான். அப்போது இருக்கிற முகம் இது. கேட்கவும் முடியாது. வாக்கு.

எதிர்த்தரப்பு வக்கீல் சற்றுத் தள்ளிக் குடை பிடித்து நின்றார். நாங்கள் அவரைப் பவ்யம் என்போம். நீதிபதி தும்மினால்கூடக் குனிந்து வணங்குகிற மனிதர். வாதம் என்று வந்தால் கத்தி. வெளியே தெரியாது, உள்ளே இறங்கிவிடும்.

ஒருவழியாகக் கார் வந்தது. நீதிபதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். டைப்பிஸ்ட் மடக்கு மேஜையைத் தூக்கிக்கொண்டார். கம்பு உயர்ந்தது. என் தம்பி சல்யூட் அடித்துவிட்டு முன்னால் நடந்தான். எல்லாரும் வளைவில் திரும்பினோம்.

எனக்கு முதலில் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. ஓடை வரைக்கும் ஒரு பாதை, இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கற்கள். தரையில் சருகு இல்லை. துடைப்பம் போன கோடு மண்ணில் தெரிந்தது. புதர் இல்லை, கொடி இல்லை. பெரிய மரங்கள் மட்டும் கல்யாண மண்டபத்துத் தூண்கள்போல இடைவெளி விட்டு நின்றன. விழுந்து கிடந்த கட்டைகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. இரண்டைத் தம்பி துண்டு போட்டு, உட்கார வசதியாகப் பாதையோரம் நிறுத்தியிருந்தான். பட்ட மரங்கள் நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வழவழப்பாக அறுத்த அடிக்கட்டைகள் இருந்தன.

"என் கட்டை எங்க?" என்றார் பாசியம்மா. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. அவர் போட்டோக்களில் இருந்த ஒரு ராட்சதக் கட்டை கிடந்த இடத்தில் ஈரமான ஒரு பள்ளம்தான் இருந்தது. அவர் அதன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதியோ நல்ல மனநிலையில் இருந்தார். துண்டு போட்ட கட்டையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டு, இடம் ரொம்ப நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று மனசாரச் சொன்னார். என் தம்பி என்னைப் பார்த்தான். முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு அவனை அங்கேயே நாலு சாத்துச் சாத்தலாம்போல இருந்தது. அதே நேரம் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. எனக்காகத்தான் செய்திருக்கிறான் மடையன். அக்காவின் காடு அழகாகத் தெரிந்தால் அக்கா ஜெயிப்பாள் என்று நினைத்திருக்கிறான். பூங்காவில் அப்படித்தான் ஜெயிப்பார்கள். அழுக்காகத் தெரிந்தால்தான் இங்கே ஜெயம் என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? சொல்லக் கூடிய ஒரே ஆள் வாயைத் தைத்துக்கொண்டு அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பவ்யம் குடையை மடக்கினார். ஓர் அடிக்கட்டையின் மேல் விரலை ஓடவிட்டார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, அந்த வழவழக் குரலில் ஆரம்பித்தார். ஐயா கண்ணாலேயே பார்க்கிறார்கள். பட்ட மரம் ஒன்றுகூட இல்லை. மக்குகிற கட்டை இல்லை. எங்கு பார்த்தாலும் ரம்பத்தின் தடம். வனத்துறை பல வருஷமாக வெட்டி ஒழுங்கு செய்து வருகிற தோப்பு இது, பழங்காடு அல்ல. பதிவு செய்தால் போதும்.

டைப்பிஸ்ட்டின் விரல்கள் தட்டத் தொடங்கின. அந்தச் சத்தத்தில்தான் என் தம்பிக்கு ஏதோ உறைத்தது. பவ்யத்தின் முகத்தைப் பார்த்தான், பாசியம்மாவைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான். பூரிப்பு வடிந்துபோய், நிறமே இல்லாத முகமாகிவிட்டது.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க? இதெல்லாம் எப்ப வெட்டினது?"

பச்சை மரம் என்றால் பால் வடிந்திருக்கும், வெட்டு புதிது என்று யாருக்கும் தெரியும். செத்த மரத்தை அறுத்தால் எதுவும் வடியாது. மரத்தூளையும் சுத்தமாகக் கூட்டி அள்ளிவிட்டான். ஈரக் காற்று பட்டு வெட்டுவாய் அதற்குள் கறுத்திருந்தது. போன வாரம் அறுத்ததா, போன தலைமுறையில் அறுத்ததா என்று பூதக்கண்ணாடி வைத்துச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கலாம். எதிர்த்தரப்பிடமும் ஒரு நிபுணர் இருந்தார். இங்கே தோப்பு என்று பதிவாகித் தீர்ப்பும் வந்துவிட்டால், மறுநாளே தடை போய் இயந்திரங்கள் இறங்கிவிடும். நிச்சயமாகச் சொல்லக் கூடியவன் ஒருத்தன்தான். அவன் வாய் திறந்தால் காடு பிழைக்கும், அவன் வேலை போகும், இருக்கிற குவார்ட்டர்ஸும் போகும். அவன் பேசாமல் நின்றால் அவன் பிழைப்பான்.

ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடு என்று மனசுக்குள் ஒருத்தி கெஞ்சினாள். வக்கீலுக்கு வழக்கு தோற்பது புதிதா என்ன? நாளைக்கு வேறு வழக்கு வரும். வேறு தம்பி வர மாட்டான். அண்ணாந்து பார்த்தேன். அந்த மரங்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. இவற்றுக்காகப் பேச அவனுக்கு உறவில்லாத வேறொருத்தி இந்த இடத்தில் இல்லை, நான்தான் நிற்கிறேன்.

"ரேஞ்சரைச் சாட்சியா விசாரிக்கணும் ஐயா" என்றேன்.

நீதிபதி புருவத்தை உயர்த்தினார். "அவர் உங்க தம்பியாச்சே. நானே கேக்கட்டுமா?"

"வேண்டாம் ஐயா. நானே கேக்கறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு அப்போதே தெரியும். நீதிபதி கேட்டால் அவன் பயந்துபோய் மழுப்புவான். ஞாபகம் இல்லை ஐயா, எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் வெட்டியிருக்கலாம் ஐயா என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வான். அப்படிச் சொல்ல அவனுக்கு உரிமையும் இருந்தது. ஆனால் என் முகத்தைப் பார்த்து அவன் இதுவரை ஒரு பொய் சொன்னதில்லை. சொல்ல வராது. மற்றவர்களிடம் என்ன கதை விட்டாலும் என் எதிரில் வந்து நின்றால் கொட்டிவிடுவான். அது தெரிந்துதான் நான் அவன் எதிரில் போய் நின்றேன்.

"உங்க பதவி என்ன?"

அவன் திகைத்தான். தூளியிலிருந்து தூக்கி வளர்த்த பயலை நான் நீங்கள் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ரேஞ்சர்" என்றான். குரல் எழும்பவில்லை. டைப்பிஸ்ட் கேட்கவில்லை என்றார். "ரேஞ்சர்" என்று திரும்பச் சொன்னான்.

"இந்த மரங்களை வெட்டினது யாரு?"

"நான்தான். ஆள் வச்சு வெட்டினேன்."

"எப்போ?"

அவன் என்னையே பார்த்தான். கண்ணை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். ஒரு நொடி கீழே குனிந்திருந்தால் போதும், அவனுக்கு வேறு பதில் கிடைத்திருக்கும்.

"போன வாரம். ஐயா வர்றாருன்னு தகவல் வந்த மறுநாள்."

நீதிபதி குறுக்கிட்டார். தடை உத்தரவு இருப்பது தெரியாதா என்று கேட்டார். தெரியும் என்றான் தம்பி. ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது என்றும் சொன்னான். "அது கம்பெனிக்காரங்களுக்குன்னு நெனச்சேன் ஐயா. நாங்க டிபார்ட்மெண்ட்தானே. காஞ்ச மரம் ஐயா தலைல விழுந்துடக் கூடாதேன்னு... இடமும் பார்க்க நல்லா இருக்கணும்னு."

யாரும் சிரிக்கவில்லை. பவ்யம் ஓரடி முன்னால் வந்தார். அக்காவுக்கு வழக்கு போகிறது என்று தெரிந்ததும் தம்பி பழைய வெட்டைப் புது வெட்டு என்கிறார், பாசம் நல்லதுதான், ஆனால் கோர்ட்டில் செல்லாது என்றார். பிறகு அவனைப் பார்த்துக் கேட்டார். "இப்படிச் சொல்லணும்னு உங்க அக்கா சொல்லிக்கொடுத்தாங்களா?"

"எங்க அக்கா சொல்லி நான் எதையும் செஞ்சதில்ல சார். அதான் எங்க வீட்ல இத்தனை வருஷமா சண்டையே." அதுவரை இறுக்கமாக இருந்த நீதிபதியின் வாய் ஓரம் நெகிழ்ந்தது. தம்பி தொடர்ந்தான். "வெட்டின கட்டையெல்லாம் எங்க ஆபீஸுக்குப் பின்னாடிதான் கிடக்கு. அறுத்த ஆளுங்களும் இங்கதான் இருக்காங்க. கூப்பிட்டுக் கேளுங்க. பொய் சொல்றவன் வேலையக் காப்பாத்திக்கச் சொல்லுவான் சார். வேலை போறதுக்கா சொல்லுவான்?"

பவ்யம் திரும்பவும் குடையை விரித்துக்கொண்டார். எல்லாரும் வனத்துறை ஆபீஸுக்குப் பின்னால் போனோம். கட்டைகள் அடுக்கியிருந்தன, அதையும் அழகாக. பாசியம்மா போட்டோக்களைப் பக்கத்தில் வைத்து, பாசியையும் காளானையும் ஒவ்வொன்றாக நீதிபதிக்குக் காட்டினார். தன்னுடைய ராட்சதக் கட்டை வந்ததும், அதன் மேல் வைத்த கையை எடுக்காமலே மீதியைச் சொன்னார். ரம்பம் பிடித்த ஆட்கள், ஆமாம், போன வாரம்தான் என்றார்கள். தம்பி ஒரு மரத்தடியில் தனியாக நின்றான். நான் அவன் பக்கம் போகவில்லை.

தீர்ப்பு சீக்கிரமே வந்தது. குத்தகை ரத்து. ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொத்தக் காடும் பழங்காடு, இனி எந்த அரசாங்கமும் யாருக்கும் கொடுக்க முடியாது. வெட்டியவற்றைத் திரும்ப அந்தந்த இடத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும், அவை அங்கேயே மக்க வேண்டும். பாசியம்மா எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதே தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில், ரேஞ்சர் உண்மையை ஒப்புக்கொண்டதால் சிறை இல்லை, ஆனால் அவமதிப்பு உறுதி, தடை உத்தரவின்படி துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருந்தது. துறை எடுத்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யவும் சொல்லிவிட்டது.

தொலைபேசியில் பேசக் கூடிய விஷயமா இது? நேரே போனேன். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன், எதுவும் தேறவில்லை. கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் பெட்டிகள், சுருட்டின பாய்கள், பாத்திர மூட்டை. தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காரச் சொல்லி ஒரு பெட்டியைக் காட்டினாள். அவர் படுத்திருக்கிறார் என்றாள். நடுப்பகல். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

காடு நல்லபடியாகப் பிழைத்ததா என்று விசாரித்தாள். பிழைத்தது என்றேன். சந்தோஷம் என்றாள். நிஜமாகவே சொன்னாள், குத்தலாகச் சொல்லவில்லை. பெட்டி ஒன்றின் மூடியை அழுத்தி மூடிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஜட்ஜ் தானே கேக்கறேன்னுதான் சொன்னாராம். நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்களாம். ஏன் அண்ணி?"

வாயை வைத்துப் பிழைப்பவள் நான். அவர் கேட்டால் தப்பித்திருப்பான், நான் கேட்டால் தப்பிக்க முடியாது, அதனால்தான் என்று இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? திரும்ப அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் திரும்பவும் நான்தான் கேட்பேன் என்பதை எப்படிச் சொல்வது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் முன்னால் அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அந்த அநியாயமும் வேண்டாம் என்று எழுந்தேன். அப்புறம் வருகிறேன் என்றேன்.

உள்ளறையிலிருந்து தம்பியின் குரல் கேட்டது.

"அக்காவச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு."

கதவு திறக்கவில்லை. நான் நின்றேன். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்து, கட்டி முடித்த பாத்திர மூட்டையின் கயிற்றை அவிழ்த்து, ஒரே ஒரு தட்டை உருவி எடுத்துக் கழுவி, சோறு போட்டு என் முன்னால் வைத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் கை கழுவுகிற வரைக்கும் அவன் வெளியே வரவில்லை.